தையல் இயந்திரமும் தவணைக் கடனும்

கம்பனிகள் தமது மூலப் பண்டத்தைக் கடந்து பிற பண்டங்களுக்குச் செல்வதை, நுகர்வோர் விருப்பத்தைப் பின்பற்றும் செயலாகவே முதலாளித்துவப் பொருளியலாளர் விளக்குவர். இலங்கையிற் சிங்கர் கம்பனியின் வரலாற்றை நோக்குமிடத்து இவ்விளக்கம் போதாதென்பது புலனாகும்.

ஐசக் சிங்கர் 1851இல் அமெரிக்காவில் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதன் விலை சாதாரண குடும்பங்களுக்கு எட்டவில்லை. அவருடைய கூட்டாளியான எட்வேர்ட் கிளார்க் 1856இல் புகுத்திய தவணைக் கொள்வனவு முறையே அத்தடையை நீக்கிற்று. 1877இல் கொழும்புப் புறக்கோட்டையிற் கடை திறந்த இக்கம்பனி, காலப்போக்கில் நாடெங்கும் கிளைகளையும் தவணைக்காரரையும் பெற்றது. வீட்டு வாசல்வரை செல்லும் இந்தக் கடன் வலைப்பின்னலே அதன் உண்மையான மூலதனம் எனலாம்.

ஆடைத்தொழிலை அடியோடு மாற்றிய கருவியாகத் தையல் இயந்திரத்தை மார்க்ஸ் 'மூலதனம்' முதற் பாகத்தில் ஆராய்ந்துள்ளார். அது உற்பத்திச் சாதனம். தம்பிலுவில், திருக்கோவில் போன்ற கரையோர ஊர்களில் நெல் வருவாய் போகத்துக்கு ஒருமுறையே கைக்கு வரும். தவணையோ மாதந்தோறும் வரும். இவ்விடைவெளியைத் தையற் கூலி ஓரளவு நிரப்ப வல்லது. சுருங்கக்கூறின், இயந்திரமே தன் கடனை உழைத்துத் தரும்.

1977இன் திறந்த பொருளாதாரக் கொள்கை இறக்குமதிக்கு வழிவிட்டது. தொலைக்காட்சி ஒளிபரப்பு 1979இல் தொடங்கிற்று. 1982இல் ரூபவாஹினி வந்தது. தொலைக்காட்சிப் பெட்டியும் குளிர்சாதனப் பெட்டியும் அதே தவணை வழியாக வீடுகளுட் புகுந்தன. இவற்றின் பயனை நாம் மறுக்கவில்லை. குளிர்சாதனப் பெட்டி பெண்களின் வேலைச்சுமையைக் குறைக்கவே செய்யும். ஆயினும் பெரும்பாலும் இவை நுகர்பொருள்கள். இவற்றின் தவணையை வயலும் கடலுமே இறுக்க வேண்டும். கடன் வடிவம் மாறவில்லை. அதைத் தாங்கும் உழைப்பின் இடமே மாறிற்று.

பின்னைய நிகழ்ச்சிகள் இதனை உறுதிப்படுத்துகின்றன. அமெரிக்கத் தாய்க் கம்பனி 1986இல் தையல் இயந்திரத் தொழிலையே தன்னிடமிருந்து பிரித்துவிட்டது. இலங்கையில் 2004இல் சிங்கரின் பெயரில் நிதிக் கம்பனியொன்று உருவாயிற்று. பண்டத்தின் பின்னால் நின்ற கடன் தானே பண்டமாயிற்று. 1878இற் காலியில் தோன்றித் தும்பு வணிகத்தில் வளர்ந்த ஹேலீஸ், 2017இல் சிங்கரின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கியது. தும்புக்கும் தையல் இயந்திரத்துக்கும் இயல்பான உறவெதுவுமில்லை. இலாபமே அவற்றை இணைக்கின்றது.

எனவே, கம்பனி அடுத்து எப்பண்டத்தை விற்கப்போகின்றது என்பதைவிட, அதன் தவணையை யாருடைய உழைப்பு இறுக்கப்போகின்றது என்பதே நாம் எழுப்பவேண்டிய வினாவாகும்.