பச்சை வயலுக்குப் பின்னால்: கல்லணைச் சாலை சொல்லாத வரலாறு

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்ரீரங்கத்திலிருந்து கல்லணைக்கு வண்டி எடுக்கும் இளைஞர்கள் நிறையப் பேர். திருவளர்ச்சோலை, பனையபுரம், உத்தமர்சீலி, கிளிக்கூடு என்று காவிரிக்கரையை ஒட்டியே போகும் சாலை. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் வாழையும் நெல்லும். படம் எடுக்கிறோம், "சொர்க்கம்" என்று ஸ்டேட்டஸ் வைக்கிறோம். அந்தப் படத்தில் வயல் இருக்கிறது. அந்தச் சேற்றில் தலைமுறை தலைமுறையாக யார் இறங்கினார்கள், யார் பெயரில் நிலம் இருந்தது என்பது அதில் இல்லை.

முதலில் ஊர் அமைப்பைப் பாருங்கள். காவிரிப் படுகையின் கிராமங்களில் கோயிலும் அக்ரகாரமும் பெரிய தெருக்களும் ஓரிடத்தில்; சேரி தள்ளி வேறிடத்தில். இது தானாக அமைந்ததல்ல. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகள், ஊர் ஊராக வரி நீக்கப்பட்ட நிலங்களைப் பட்டியலிடுகின்றன. ஊர்நத்தம், குளம், வாய்க்கால் ஆகியவற்றோடு பறைச்சேரி, தீண்டாச்சேரி என்ற பெயர்களும் அதில் வருகின்றன. சுடுகாடுகூடத் தனித்தனி. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்தப் பிரிவினை அரசின் நிலக்கணக்கில் ஏறிவிட்டது. 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் தமிழக முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கலாம். ஆனால் பெயரை அழித்துவிட்டால் எல்லை அழிந்துவிடுமா?

அடுத்து தண்ணீர். கல்லணை என்றால் கரிகாலன், முக்கொம்பு மேலணை என்றால் 1836, ஆர்தர் காட்டன். பாடப்புத்தகம் இத்தோடு நிறுத்திக்கொள்ளும். 1819-ல் சென்னை வருவாய் வாரியம், அடிமை முறை பற்றி எல்லாக் கலெக்டர்களிடமும் அறிக்கை கேட்டது. திருச்சிராப்பள்ளி கலெக்டர் லஷிங்டன் அனுப்பிய பதிலை நாம் அவசியம் அறிய வேண்டும். நன்செய்ப் பகுதியில் உழைப்பவர்கள் பெரும்பாலும் மிராசுதாரர்களுக்கு அடிமைப்பட்ட பள்ளர்கள். புன்செய்ப் பகுதியில் அப்படிப்பட்டவர்கள் மிகக் குறைவு. இதுதான் அந்தப் பதிலின் சாரம்.

தோழர்களே, இதன் பொருளை யோசித்துப் பாருங்கள். வாய்க்கால் பாயும் இடத்தில் அடிமைத்தனம் அடர்த்தி. வானம் பார்த்த பூமியில் குறைவு. நெல்லுக்கு ஏர் ஓட்ட, நாற்று நட, களை எடுக்க, அறுக்க எத்தனையோ கைகள் வேண்டும். கலப்பையைத் தொடாத மிராசுதாருக்கு அந்தக் கைகள் ஓடிப்போகாமல் இருக்கவும் வேண்டும். நாம் ரசிக்கும் பச்சை இந்த ஏற்பாட்டில் விளைந்தது. மடையைத் திறந்து வயலுக்கு நீர் பாய்ச்சியவருக்கு அந்த நீரில் உரிமை இருக்கவில்லை.

1843-ன் ஐந்தாம் சட்டம் அடிமை உடைமைக்குச் சட்ட ஏற்பை மறுத்தது. 1862-ல் நடைமுறைக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டம் அடிமையை விற்பதையும் வாங்குவதையும் குற்றமாக்கியது. ஆனால் நிலம் கைமாறவில்லை. கடன் சீட்டோடு பண்ணையாள், படியாள் என்ற பெயர்களில் அதே வேலை தொடர்ந்தது. இடையில் 1858-ல் வந்த கட்டாய உழைப்புச் சட்டம், ஆற்றங்கரை உடையும் ஆபத்து வந்தால் உழைக்கும் வகுப்பைச் சேர்ந்த உடல் வலுவுள்ள ஆண்களை வேலைக்கு இழுக்க அதிகாரம் கொடுத்தது. கரை காப்பாற்றிய வயல் யாருடையது என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை.

செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீரின் 1891 அறிக்கைக்குப் பிறகு, 1892-ல் பஞ்சமி நில ஆணை வந்தது. முதல் 10 ஆண்டுகள் விற்கக் கூடாது. பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. கொடுக்கப்பட்டது அரசுத் தரிசு. ஆற்றுப் பாசனத்தில் ஏற்கெனவே மிராசு பிடித்துவைத்த மண்ணில் தரிசுக்கு எங்கே போவது? உழைத்த நன்செய் கேட்டால் கிடைக்காது; கிடைத்த மேட்டு நிலமும் பல ஊர்களில் பின்னர் பறிபோனது.

1948 நவம்பர் 4-ல் அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர், கிராமத்தைப் புனிதமாக்கிப் பேசியவர்களைக் கடுமையாக மறுத்தார். வண்டியில் போகிறவருக்கு அழகாகத் தெரியும் கிராமம், அதற்குள் பிறந்தவருக்கு வேறாக இருக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

எனவே, போங்கள். கல்லணைக்கும் போங்கள், உள்சாலைகளிலும் போங்கள். படமும் எடுங்கள். கூடவே வண்டியை நிறுத்தி நான்கு கேள்வி கேளுங்கள். பேருந்து எந்தத் தெரு வரை வருகிறது? சுடுகாட்டுக்கு யார் எந்தப் பாதையில் போகிறார்கள்? நடவுக்கு வரும் பெண்களில் எத்தனை பேருக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம் உண்டு? இந்த ஊரில் பஞ்சமி நிலம் இருந்ததா?

கடைசிக் கேள்விக்குப் பதில் வட்டாட்சியர் அலுவலகத்தில் இருக்கிறது. யுடிஆருக்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேட்டின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். இன்றைய 'அ' பதிவேட்டோடு புல எண் வாரியாக ஒப்பிடுங்கள். எந்தப் புல எண்ணில் டி.சி. நிலம் என்ற குறிப்பு காணாமல் போயிருக்கிறதோ, அந்த வயலுக்கு நேரில் போய் நில்லுங்கள். அது யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள்.