பகடைக்குக் கீழ்ப்படியும் கதைசொல்லி

ஏழெட்டுப் பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து மூணு நாலு மணி நேரம் பேசுகிறார்கள். ஒருவர் உலகத்தைச் சொல்கிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகித் தாம் செய்வதைச் சொல்கிறார்கள். நடக்குமா என்பதை இருபது முகப் பகடை தீர்மானிக்கிறது. அமெரிக்கக் குரல் நடிகர்கள் 2015 மார்ச்சில் இணைய நேரலையில் தொடங்கிய ‘கிரிட்டிக்கல் ரோல்’ இவ்வளவுதான். இதைப் போய் ஏன் மணிக்கணக்கில் பார்க்கிறார்கள்? குரல்வளம், நட்பு என்று சொல்லித் தப்பித்துவிடலாம். அது எந்த நாடகக் குழுவிலும்தான் இருக்கு. இங்கே கதைசொல்லியின் அதிகாரம் எல்லார் கண்முன்னாலும் பங்கு போடப்படுகிறது என்பதுதான் விஷயம்.

அந்த அதிகாரம் ராணுவத்திலிருந்து வந்தது. 1824இல் பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் வெளியிட்ட போர் விளையாட்டு விதிநூலில் வரைபடம் உண்டு, பகடை உண்டு, இரு தரப்புக்கும் மேலே ஒரு நடுவர் உண்டு. 1969இல் மின்னசோட்டாவில் டேவிட் வெஸ்லி, நெப்போலியன் காலப் போர் ஆட்டமொன்றில் தளபதிகளோடு நகரத்து மனிதர்களின் பாத்திரங்களையும் கொடுத்துப் பார்த்தார். ஆடியவர்கள் வரைபடத்தை விட்டுவிட்டு மூலைக்கு மூலை சதி பேசக் கிளம்பிவிட்டார்கள். ஆட்டம் கெட்டது என்று நினைத்தார் வெஸ்லி. அவர்களோ இன்னொன்று கேட்டார்கள்! அந்த வட்டத்து டேவ் ஆர்னசனும் கேரி கைகாக்ஸும் 1974இல் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ கொண்டுவந்தார்கள்.

ஆடாதவர் ரசிப்பதும் நேரலையோடு பிறந்ததல்ல. 1986இல் ஜப்பானின் ‘காம்ப்டிக்’ பத்திரிகை, ஒரு குழு ஆடியதை உரையாடலாகவே தொடராக வெளியிட்டது. ‘ரெகார்ட் ஆஃப் லோடாஸ் வார்’ நாவல்கள் அதிலிருந்து முளைத்தவை.

எல்லாம் முன்னமே எழுதி வைத்ததுதானே என்ற சந்தேகம் வரும். 2018இல் ‘கிரிட்டிக்கல் ரோல்’ இரண்டாம் தொடரின் 26ஆம் பகுதியைப் பாருங்கள். குணமாக்கும் பாத்திரத்தை ஏற்ற நடிகை குழந்தைப் பேற்று விடுப்பில் இருந்தார். ஆகவே கதையில் அவள் அடிமை வியாபாரிகளிடம் சிக்கியிருந்தாள். மீட்கப் போன மாலிமாக், தன் ரத்தத்தையே விலையாகக் கொடுத்து எதிரிமேல் சாபம் போடுகிறான். அந்த விலையே அவனை வீழ்த்துகிறது. விழுந்தவனை எதிரி கொல்கிறான். காப்பாற்ற ஆளில்லை. அப்போது கதையை நடத்திய மேத்யூ மெர்சர் நினைத்திருந்தால் தப்பிக்க விட்டிருக்கலாம், விடவில்லை. மேசையிலிருந்தவர்களின் அதிர்ச்சி நடிப்பல்ல. அவர்களே அந்தக் கதையின் முதல் பார்வையாளர்கள். நமக்கு முன்னால் அவர்கள் கதை கேட்பதைத்தான் நாம் பார்க்கிறோம். பெரிய எதிரி சாகும்போதும் மெர்சர் தானே முடித்து வைப்பதில்லை. வீழ்த்தியவரிடம், எப்படி முடிக்கப் போகிறாய் என்று கேட்டு வாயை மூடிக்கொள்கிறார்.

பிரதியின் ஆசிரியன் செத்தான் என்று நாம் கொண்டாடுவதற்குள் முதலாளி வந்துவிடுகிறான் இல்லையா? 2019இல் இவர்கள் முதல் தொடரை அனிமேஷனாக்க ஏழரை லட்சம் டாலர் கேட்டார்கள். 88,887 பேர் ஒரு கோடியே பத்து லட்சத்துக்கு மேல் கொட்டினார்கள். 2022இல் அமேசானில் அனிமேஷன் தொடர் வந்தது. அழகான தொடர்தான். ஆனால் அதில் பகடை இல்லை. யார் சாவார் என்பது எழுதுபவருக்கு முன்னமே தெரியும்.

2023 ஜனவரியில், ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ உரிமையை வைத்திருக்கும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட், 2000 முதல் இருந்த திறந்த உரிமத்தைத் திருத்த முயன்ற வரைவு கசிந்தது. விதிகளை வைத்து நூல் போடுவோர் ஏழரை லட்சம் டாலருக்கு மேல் ஈட்டினால், மேற்பட்ட தொகையில் கால் பங்கு கம்பெனிக்கு. ஆடுபவர்கள் கொதித்தார்கள், கம்பெனியின் சந்தாவை ரத்து செய்தார்கள். அம்மாத இறுதிக்குள் கம்பெனி பின்வாங்கி, அடிப்படை விதிகளைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் பொதுவுக்கு விட்டது.