மைசூரு நகரப் பொதுப் போக்குவரத்து

மைசூரு நகரப் பொதுப் போக்குவரத்து: கர்நாடகத்தின் மைசூரு நகருக்குள் மக்களை ஏற்றிச் செல்லும் பேருந்து முதலான ஊர்திகளின் ஏற்பாடு.

பெங்களூரிலிருந்து மீட்டர் பாதை ரயில் 1882-இல் மைசூரை எட்டியது. ரயிலடியிலிருந்து ஊருக்குள் போக அன்று ஜட்கா வண்டிகள்தாம். 1903-இல் அமைந்த நகர மேம்பாட்டு வாரியம் போட்ட அகன்ற சாலைகள் பின்னாளில் பேருந்துகளுக்கு வசதியாயின.

மைசூர் அரசு 1948 செப்டம்பர் 12 அன்று 120 பேருந்துகளுடன் சாலைப் போக்குவரத்துத் துறையைத் தொடங்கியது. 1961-இல் அது கழகமாயிற்று. மாநிலத்தின் பெயர் 1973-இல் மாறியபோது கர்நாடக மாநிலச் சாலைப் போக்குவரத்துக் கழகம் என்றானது. பெங்களூருக்கு 1997-இல் தனிக் கழகம் பிறந்தது. மைசூருவின் நகரப் பேருந்துகளை இன்றும் மாநிலக் கழகமே ஓட்டுகிறது.

கே.ஆர். சர்க்கிளை ஒட்டிய நகரப் பேருந்து நிலையமே இந்த ஏற்பாட்டின் அச்சு. பெரும்பாலான தடங்கள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. அதனால் ஒரு புறநகரிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறவர் பல நேரம் ஊர் நடுவே வந்து வண்டி மாற வேண்டியிருக்கிறது; நேர்வழித் தடங்கள் கூடவேண்டும் என்பதற்கு இதுவே போதிய காரணம். ஊட்டியிலிருந்து வருகிறவர்கள் இறங்குவது பெங்களூர்–நீலகிரி சாலையில் உள்ள புறநகர்ப் பேருந்து நிலையத்தில். சாமுண்டி மலைக்குப் போக அவர்கள் நகர நிலையத்துக்கு வந்து 201-ஆம் எண் பேருந்தைப் பிடிப்பது வழக்கம். கன்னடம் படிக்கத் தெரியாதவருக்குத் தட எண்தான் துணை.

பேருந்து எப்போது வரும் என்று தெரியாமல் நிற்பதைப் போன்ற சோர்வு வேறில்லை. அதைத் தீர்க்க வந்தது 'மித்ரா'. உலகளாவிய சுற்றுச்சூழல் நிதியத்தின் உதவியோடு 2012-இல் செயலுக்கு வந்த இத்திட்டத்தில் 500 பேருந்துகளில் ஜி.பி.எஸ். கருவி பொருத்தப்பட்டது. வண்டி இருக்கும் இடத்தைக் கருவி கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்ல, 105 நிறுத்தங்களின் மின்பலகைகளில் வருநேரம் தெரிந்தது. வண்டிக்குள் அடுத்த நிறுத்தத்தின் பெயர் ஒலித்தது. பெருநகரங்களை முந்திக்கொண்டு ஒரு நடுத்தர நகரம் இதைச் செய்தது பாராட்டத்தக்கது.

2017 ஜூனில் 'ட்ரின் ட்ரின்' வாடகை மிதிவண்டித் திட்டம் 450 வண்டிகளுடன் வந்தது. ஒரு நிலையத்தில் அட்டையைக் காட்டி எடுத்த வண்டியை வேறொரு நிலையத்தில் விட முடிந்தது. பேருந்து எட்டாத கடைசித் தொலைவுக்கு ஏற்ற ஏற்பாடு இது.

2023 ஜூன் 11 முதல் 'சக்தி' திட்டத்தின்படி கர்நாடகப் பெண்களுக்குச் சாதாரணப் பேருந்துகளில் கட்டணமில்லை. தமிழ்நாட்டிலிருந்து செல்லும் பெண்கள் சீட்டு வாங்க வேண்டும்.