அம்பாசிடரின் எண்ணெய்ச் சொட்டு

அம்பாசிடர் வைத்திருந்தவர்களுக்கு, வண்டி நின்ற இடத்தில் விழும் கறுப்பு எண்ணெய்ச் சொட்டு பழகிப்போன ஒன்று. அதற்கான காரணம் இன்ஜினின் பிறப்பிலேயே இருக்கிறது.

இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை அடியொற்றி, கல்கத்தா அருகே உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த வண்டி இது. பல ஆண்டுகள் இதில் ஓடியது 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். அதன் கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையில் ரப்பர் ஆயில் சீல் கிடையாது. திருகாணி மரை போன்ற பள்ளம்தான் உண்டு. ஷாஃப்ட் சுழலும்போது அந்த மரை எண்ணெயை உள்ளே திருப்பித் தள்ளும்.

எண்பதுகளில் மதுரையில் என் வண்டி அதிகமாகவே சொட்டியது. இன்ஜினை இறக்க வேண்டும் என்றார்கள் சிலர். பெரிய செலவு. வயதான மெக்கானிக் ஒருவர் அவசரப்படவில்லை. மண்ணெண்ணெயால் இன்ஜினைக் கழுவித் துடைத்து, முகப்பவுடர் தூவி, திருமங்கலம் வரை போய்வரச் சொன்னார். டேப்பெட் கவர் ஓரத்தில் பவுடர் நனைந்திருந்தது. கார்க் கேஸ்கெட்டை மாற்றினார். ஆனாலும் கிளட்ச் கூட்டின் அடித்துளையில் சொட்டு நிற்கவில்லை.

பிறகு பிரீத்தர் குழாயைக் கழற்றினார். உள்ளே கசடு அடைத்திருந்தது. புகை வெளியேற வழியில்லாமல் உள்ளழுத்தம் கூடி, எண்ணெயை மரையைத் தாண்டித் தள்ளியிருக்கிறது. சுத்தம் செய்ததும் கசிவு ஓரிரு சொட்டாகக் குறைந்தது. அது அந்த இன்ஜினின் சுபாவம்.

2014-ல் அம்பாசிடர் உற்பத்தி நின்றுவிட்டது. இன்னும் வைத்திருக்கும் அன்பர்கள், இன்ஜினை இறக்குமுன் அந்தக் குழாயை ஒருமுறை பாருங்கள்.