புகையிலை ஊர்க் கல்லூரியும் தோல் ஊர்க் கல்லூரிகளும்

திருப்பத்தூர் மாவட்டத்து ஆலங்காயத்தில் காலை நேரத்தில் இளைஞர்கள் இரண்டாகப் பிரிகிறார்கள். ஒரு கூட்டம் வாணியம்பாடிக்கோ திருப்பத்தூருக்கோ கல்லூரிக்குப் பஸ் பிடிக்கிறது. இன்னொரு கூட்டம், அதில் பெண்களே அதிகம், ஷூ கம்பெனி பஸ்ஸில் ஏறுகிறது. அம்மா கம்பெனிக்கும் மகள் கல்லூரிக்கும் போகிற வீடுகள் இந்தப் பக்கம் நிறைய. படிப்பு முடிந்ததும் எந்த வேலைக்குப் போவது என்று அந்த மகள் கேட்க வேண்டிய இடம் கல்லூரியின் வேலைவாய்ப்பு மையம். ஆனால் கலை, அறிவியல் கல்லூரிகள் பலவற்றில் அது ஓர் அறை, ஓர் அறிவிப்புப் பலகை, வகுப்புகளுக்கு நடுவே கூடுதல் பொறுப்பாக அதைக் கவனிக்கும் ஒரு பேராசிரியர் என்ற அளவில் நின்றுவிடுகிறது. மாணவர்களுக்கு அலட்சியம் என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். கடைசி மணி அடித்ததும் ஊர் பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டும். சிலருக்குப் பகுதிநேர வேலை காத்திருக்கும். அறிவிப்பு ஆங்கிலத்தில் இருக்கும். எல்லாவற்றையும்விட, முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அந்த அறையில் போய் என்ன கேட்பது என்பதே தெரியாது.

இந்தச் சிக்கலுக்கு விடை தேடிய இரண்டு முயற்சிகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒன்று, அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ள வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகம் 2009-ல் தொடங்கியது. மற்றொன்று, தமிழ்நாடு அரசு 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய நான் முதல்வன்.

ஒன்று பணக்காரத் தனியார் பல்கலைக்கழகம். இன்னொன்று ஒரு மாநிலம் முழுவதற்குமான அரசுத் திட்டம். பிறகு ஏன் ஒப்பிட வேண்டும்? ஏனென்றால் அங்கேயும் இங்கேயும் கல்லூரிகளுக்குப் பின்னால் ஒரே வகையான வரலாறு இருக்கிறது. 1834-ல் தொடங்கிய வேக் ஃபாரஸ்ட், ரெனால்ட்ஸ் சிகரெட் குடும்பத்து அறக்கட்டளையின் பணத்தால் 1956-ல் புகையிலை நகரமான வின்ஸ்டன்-சேலத்துக்கே இடம்பெயர்ந்தது. நம் பக்கத்துப் பாலாற்றங்கரையிலும் கல்லூரிகளை எழுப்பியதில் தோல் வணிகர்களின் கொடைக்குப் பெரும் பங்கு உண்டு. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919-லும், ஆம்பூர் மஸ்ஹருல் உலூம் கல்லூரி 1969-லும் வந்தன. மேல்விஷாரத்தில் 1965-ல் வந்த கல்லூரி தோல் வணிகர் சி. அப்துல் ஹக்கீமின் பெயரையே தாங்கி நிற்கிறது. தொழிலுக்கும் கல்லூரிக்கும் உறவு புதிதாக உண்டாக வேண்டியதில்லை. அது அஸ்திவாரத்திலேயே இருக்கிறது.

வேக் ஃபாரஸ்ட் செய்தது இது. ஸ்டான்ஃபோர்டு வணிகப் பள்ளியில் வேலைவாய்ப்பு மையத்தை நடத்திக்கொண்டிருந்த ஆண்டி சானை அழைத்துத் துணைத் தலைவர் பதவி கொடுத்தார்கள். வேலைவாய்ப்பு என்பது பல்கலைக்கழகத் தலைமை உட்காரும் மேசைக்கு வந்தது. ஆற்றுப்படுத்தல் (கவுன்சலிங்) துறையோடு சேர்ந்து, தன்னை அறிவதிலிருந்து வேலை தேடுவது வரை கிரெடிட் உள்ள பாடங்களை வைத்தார்கள். பேராசிரியர்கள், பெற்றோர், முன்னாள் மாணவர்கள் எல்லோரையும் கூட்டாளிகளாக்கினார்கள். தத்துவமோ வரலாறோ படிக்கும் மாணவன் முதலில் நம்புவது தன் பேராசிரியரைத்தான் என்பதால் அவரிடமிருந்தே தொடங்கினார்கள். 2012-ல் பல கல்லூரிகளின் தலைவர்களை அழைத்து இதைப் பற்றி ஒரு மாநாடும் நடத்தினார்கள்.

நான் முதல்வன் போன வழி வேறு. தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம் நடத்தும் இந்தத் திட்டம் ஆண்டுக்கு 10 லட்சம் இளைஞர்களை எட்டுவதை இலக்காக வைத்தது. திறன் பயிற்சியைப் பாடத்திட்டத்துக்குள்ளேயே வைத்து, அதற்கு கிரெடிட்டும் கொடுத்தது. இதன் பெருமையைக் குறைத்துச் சொல்பவர்கள் ஆலங்காயத்து மாணவியின் பஸ் நேரத்தை யோசித்ததில்லை. வகுப்பு நேரத்திலேயே பயிற்சி நடந்தால் அவள் வந்தே தீருவாள். கேட்கத் தயங்குகிறவளுக்கும் கிடைக்கும். வின்ஸ்டன்-சேலத்தில் இளநிலை மாணவர்கள் சில ஆயிரம் பேர்தான். அங்கே ஒவ்வொருவரையும் அழைத்துப் பேசலாம். இங்கே அது நடக்காது. எட்டும் தூரத்தில் நான் முதல்வனே மேல்.

குறையும் அங்கேயேதான் இருக்கிறது. மாநிலம் முழுவதற்கும் பொதுவாக வகுத்த பாடத்தை வெளியிலிருந்து வரும் பயிற்சியாளரோ இணையமோ நடத்தும்போது, மாணவியை மூன்று ஆண்டுகள் பார்த்துவரும் துறைப் பேராசிரியருக்கு அதில் என்ன வேலை? வருகைப் பதிவு எடுப்பதும் மதிப்பெண்ணை ஏற்றுவதும் மட்டும்தான் என்றால், கூட்டாளியாக இருக்க வேண்டியவர் காவலராகிவிடுகிறார். மாணவி வருகிறாள், கிரெடிட் வாங்குகிறாள், போகிறாள். பங்கேற்பு என்ற எண்ணிக்கை ஏறிவிடும். தன் ஊரில் தனக்கு என்ன வேலை இருக்கிறது என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

அந்தக் கேள்விக்கு விடை பக்கத்திலேயே, தோல் தொழிலிலேயே இருக்கிறது. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் தீர்ப்புச் சொன்ன பிறகு, கழிவுநீர் சுத்திகரிப்பு இல்லாமல் இங்கே தோல் பதனிடும் ஆலை (டேனரி) நடத்த முடியாது. சுத்திகரிப்பு நிலையம் என்றால் ஆய்வகம் வேண்டும். குரோமியத்தையும் உப்பின் அளவையும் நாள்தோறும் சோதிக்கிற ஆள் வேண்டும். தோலைத் தொட்டு அணியும் பொருளில் ஆறு இணைதிறன் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்குக் குறைவாகத்தான் இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே முதல் கட்டாயமாக்கியது. அதற்கும் சோதனை, சான்றிதழ் எல்லாம் உண்டு. இவை பி.எஸ்சி. வேதியியல் படித்தவர் செய்யக்கூடிய வேலைகள். பி.காம். படித்தவருக்கு ஏற்றுமதி ஆவணம், வங்கிக் கடன் கடிதம், ஜிஎஸ்டி திரும்பப் பெறுதல் என்று ஷூ கம்பெனி அலுவலகத்தில் வேலை காத்திருக்கிறது. ஆங்கிலம் படித்தவர் வெளிநாட்டு பையருக்கு மெயில் எழுதும் மெர்ச்சன்டைசர் ஆகலாம். இயற்பியல் மாணவருக்கு ஆலங்காயத்துக்குப் பக்கத்திலேயே காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 1986-ல் திறந்த 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கேதான் நிற்கிறது. அதைப் பார்க்காமலே இயற்பியல் பட்டம் வாங்குவது பெரிய இழப்பு.

தோல் வேலையே வேண்டாம் என்று பல பெற்றோர் சொல்வதை நான் மதிக்கிறேன். வெயிலும் நாற்றமும் ரசாயனமும் பட்டவர்கள் சொல்கிற பேச்சு அது. ஆனால் அம்மா உட்காரும் தையல் மெஷினும் மகள் உட்காரக்கூடிய ஆய்வகமும் ஒரே சுற்றுச்சுவருக்குள் இருந்தும், மகளுக்கு அந்த இரண்டாவது கதவைக் காட்ட யாரும் இல்லை. பன்னாட்டு நிறுவனத்தின் ஆன்லைன் சான்றிதழ் அதைக் காட்டாது. வேதியியல் துறைத் தலைவரும் டேனரியின் ஆய்வகப் பொறுப்பாளரும் சேர்ந்துதான் காட்ட முடியும்.

ஆகவே என் முடிவு இது: அரசு திறந்த கட்டாயக் கதவு அப்படியே இருக்கட்டும், அதை விருப்பப் பாடமாக்கினால் முதலில் வெளியேறுவது கிராமத்து மாணவர்தான். கதவுக்கு உள்ளே யார் நிற்பது என்பதில் மட்டும் வேக் ஃபாரஸ்ட்டைப் பின்பற்றலாம். துறைப் பேராசிரியருக்கு அந்தப் பாடத்தில் ஒரு பகுதியை வகுக்கும் உரிமையும், அதற்கான பணிநேரமும் வேண்டும். இதே கல்லூரியில் படித்து இன்று கம்பெனியில் சூப்பர்வைசராகவோ கணக்கராகவோ இருக்கும் முன்னாள் மாணவரை வகுப்புக்கு அழைத்துத் தமிழில் பேசவிட வேண்டும். கல்லூரிகளின் ஆட்சிக்குழுக்களில் இருக்கும் தொழிலதிபர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் முன்னோர் கட்டடம் கட்டிக் கொடுத்தார்கள். நீங்கள் ஐந்தாம் பருவம் தொடங்கும் முன் உங்கள் ஆய்வகத்தையும் ஏற்றுமதிப் பிரிவையும் அந்த மாணவர்களுக்கு ஒரு நாள் திறந்துவிடுங்கள்.