கண்டி மலைகளில் லுத்தரன் சபை: தரங்கம்பாடியில் தொடங்கிய திருநாள் மரபு

தமிழ் லுத்தரன் சபையின் வரலாறு தரங்கம்பாடியில் தொடங்குவதாகவே பெரும்பாலும் எழுதப்படுகிறது. அதற்கு முந்திய அத்தியாயம் ஒன்று கண்டியில் நடந்தது. போர்த்துக்கேயரை எதிர்க்கத் துணை தேடிய கண்டி மன்னன் செனரத், தன் அவையில் இருந்த மார்செலிஸ் பொஷௌவர் என்ற ஒல்லாந்தரை ஐரோப்பாவுக்குத் தூதராக அனுப்பினான். சொந்த நாட்டில் ஆதரவு கிடைக்காத பொஷௌவர், டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியனிடம் சென்று 1618இல் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார். ஊவே கெட்டே தலைமையில் புறப்பட்ட டேனியக் கப்பல்கள் 1620இல் இலங்கையை அடைந்தபோது தூதர் உயிரோடு இல்லை. கடல் வழியிலேயே இறந்துபோயிருந்தார். அவர் செய்துவந்த உடன்படிக்கையைச் செனரத் ஏற்கவும் இல்லை. டேனியர் அக்கரைக்குத் திரும்பி, தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் அதே ஆண்டில் தரங்கம்பாடியைப் பெற்றுக் கோட்டை கட்டினர். லுத்தரன் மதத்தைச் சேர்ந்த ஓர் அரசின் கையில் தமிழ்த் துறைமுகம் ஒன்று வந்தது இவ்வாறுதான். கண்டியில் பேச்சு பலித்திருந்தால் அந்தக் கோட்டை திருகோணமலைப் பக்கம் எழுந்திருக்கக்கூடும்.

கோட்டை எழுந்த பிறகும் எண்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் தமிழருக்கென்று அங்கே சபை எதுவும் இல்லை. டேனியர் தமக்காக 1701இல் சீயோன் ஆலயத்தைக் கட்டிக்கொண்டனர். 1706 ஜூலை 9ஆம் தேதி பார்த்தலோமேயு சீகன்பால்கும் ஹென்றி புளூட்சோவும் கரையிறங்கினர். டென்மார்க் மன்னர் நான்காம் ஃபிரெடெரிக் அனுப்பிய ஜெர்மானியர்கள் இவர்கள். அடுத்த ஆண்டு மே மாதம் முதல் ஞானஸ்நானம் நடந்தது. அதைப் பெற்ற ஐவரும் ஐரோப்பியர் வீடுகளில் இருந்த அடிமைகள். 1707 ஆகஸ்டில் சிறிய ஆலயமொன்று பிரதிஷ்டை செய்யப்பட்டது. கடலோரத்தில் இருந்த அது நிலைக்கவில்லை. நகருக்குள் இராஜ வீதியில் சிலுவை வடிவில் கட்டப்பட்ட புதிய எருசலேம் ஆலயம் 1718 அக்டோபர் 11ஆம் தேதி திறக்கப்பட்டது. முகப்பில் டேனிய மன்னரின் பெயர்ச் சின்னத்தோடு அது இன்றும் நிற்கிறது. நான்கே மாதம் கழித்து, 1719 பெப்ரவரியில் இறந்த சீகன்பால்க் அந்த ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டார்.

முதல் சபையார் வசதியானவர்கள் அல்லர். அடிமைகளும் கூலிகளும் விதவைகளும் பள்ளிக்கூடத்தில் தங்கிப் படித்த பிள்ளைகளுமே பெரும்பகுதி. ஐரோப்பியர் வீடுகளில் வேலை செய்தவர்களுக்காகப் போர்த்துக்கேய மொழியில் ஓர் ஆராதனையும், மற்றவர்களுக்குத் தமிழில் ஓர் ஆராதனையும் நடந்தன. லுத்தரின் சிறிய ஞானோபதேசத்தைக் கேள்வியும் பதிலுமாகப் படிப்பிப்பது வழிபாட்டோடு ஒட்டியே வந்தது. எழுத்தறியாதவரும் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தனர். திடப்படுத்தலுக்கு முன் இளையோர் இந்த ஞானோபதேசத்தை ஒப்புவிக்கும் வழக்கம் லுத்தரன் சபைகளில் இன்றும் உண்டு.

ஊர்ப்புறங்களில் சபை வாழ்வைத் தாங்கியவர்கள் உபதேசிமார். இதை அழுத்திச் சொல்ல வேண்டும். மிஷனரிகளின் பெயரால் எழுதப்பட்ட வரலாறுகளில் இவர்களுக்கு ஒரு வரிதான் கிடைக்கிறது. தஞ்சைப் படையில் சேவகராயிருந்த இராசநாயக்கன், மாயவரம் பக்கத்து ஊர்களைக் கவனித்த ஆரோன் போன்றவர்கள் மிஷனரிகள் கால்வைக்க முடியாத இடங்களில் சபைகளை வளர்த்தனர். டேனியர் எல்லைக்கு வெளியே தஞ்சை அரசின் அனுமதியின்றி ஐரோப்பியர் நடமாட முடியாத காலம் அது. கடலூரில் பிறந்த ஆரோன் 1733 டிசம்பரில் குருப்பட்டம் பெற்றார். இந்தியாவில் புரொட்டஸ்தாந்துக் குருவான முதல் இந்தியர் அவரே. குருமார் எண்ணிக்கை எப்போதும் குறைவு. குரு இராப்போஜனம் கொடுக்க வந்து போவார். மற்ற ஞாயிறுகளில் வேதம் வாசிப்பதும், பாட்டுக் கற்றுக்கொடுப்பதும், நோயாளியைப் பார்ப்பதும், வழக்குத் தீர்ப்பதும், அடக்கம் செய்வதும் உபதேசியார் வேலை. சிறு சபையின் இந்த அமைப்பு பின்னாளில் கடல் தாண்டி மலைக்கும் சென்றது.

ஜெர்மனியிலிருந்து வந்த திருச்சபை ஆண்டு தமிழ்நாட்டுப் பருவங்களோடு பொருந்துவதற்குச் சிறிது காலம் பிடித்தது. வருகைக் காலத்து நான்கு ஞாயிறுகளும் நத்தாரும் கார்த்திகை, மார்கழியில் வருகின்றன. காவிரிப் படுகையில் வடகிழக்குப் பருவமழை பெய்து, சம்பாப் பயிர் வயலில் நிற்கும் நேரம் அது. குதிர் வெறுமையாக இருக்கும். கூலிக்காரர் கையில் காசிருக்காது. தையிலும் மாசியிலும் கதிர் அறுத்த பிறகுதான் வீட்டில் நெல் சேரும். ஜெர்மனியில் அக்டோபரில் கொண்டாடப்படும் அறுப்பின் பண்டிகை, தமிழ் ஊர்களில் அந்தந்த ஊரின் அறுவடையை ஒட்டி நாள் மாறியது. உழைப்பின் பலன் கையில் இருக்கும்போது வருவதால், சிறு சபைகளில் ஆண்டின் பெரிய கூடுகை பல இடங்களில் இதுவாகவே ஆயிற்று.

அன்று ஆலயத்துக்குப் பணமாகக் கொண்டுவர இயலாதவரும் பொருளாகக் கொண்டுவருவர். நெற்கதிர்க் கட்டு, வாழைத்தார், பூசணி, தேங்காய், முட்டை, கோழி, சில வேளை ஆட்டுக்குட்டி என்று பீடத்தின் முன்பகுதி நிரம்பும். ஆராதனை முடிந்ததும் வெளியில் ஏலம். ஒரு தேங்காயை எடுத்தவர் அதைத் திரும்பவும் சபைக்கே கொடுக்க, அது மறுபடி ஏலத்துக்கு வரும். கடை விலையைப் போலப் பல மடங்கு அந்த ஒரு காய் ஈட்டித்தரும். கூரை வேய்வதற்கும் உபதேசியார் சம்பளத்துக்கும் இந்தப் பணம் உதவும். பிறகு சபையார் சேர்ந்து சமைத்து உண்ணும் விருந்து. தென்பாண்டி நாட்டில் அதை அசனம் என்பர். மற்ற இடங்களில் அன்பின் விருந்து.

லெந்து என்னும் தவக்கால நாட்கள் இதற்கு நேர்மாறானவை. திருமணம் வைப்பதில்லை, மாலையில் வீடுகளில் முறைவைத்து ஜெபக் கூட்டம் நடக்கும். குருத்தோலை ஞாயிறன்று தென்னங்குருத்தைச் சிலுவையாக மடித்துப் பிள்ளைகள் பவனி வருவர். பெரிய வெள்ளியன்று நண்பகல் முதல் மூன்று மணிவரை நீளும் ஆராதனை. உயிர்த்த ஞாயிறு விடியுமுன் மணி அடிக்கும். அக்டோபர் 31ஆம் தேதி லுத்தரன் சபைக்கு முக்கியமான நாள். 1517இல் லுத்தர் தம் தொண்ணூற்றைந்து கருத்துகளை வெளியிட்டதை நினைவுகூரும் சீர்திருத்தத் திருநாள் அது.

இந்தக் கூடுகைகளுக்கு உயிர் கொடுத்தது பாட்டு. தொடக்கத்தில் ஜெர்மன் ஞானப்பாட்டுகளே அவற்றின் மெட்டோடு தமிழில் பாடப்பட்டன. சென்னை வேப்பேரியில் நீண்டகாலம் பணியாற்றிய யோகான் பிலிப் பப்ரிசியுஸ் (1711–1791) செய்த மொழிபெயர்ப்புகள் தலைமுறைகள் கடந்து நிலைத்தன. ஆயினும் தமிழ்ச் சபை தன் குரலைக் கண்டடைந்தது தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரிடம் (1774–1864). பாளையங்கோட்டையில் பிறந்து, மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்து, பின்னாளில் தஞ்சை மன்னரான இரண்டாம் சரபோஜியோடு கல்வி கற்றவர் அவர். குறவஞ்சி, கும்மி, கீர்த்தனை எனத் தமிழர் அறிந்த வடிவங்களில் வேதக் கதைகளைப் பாடினார். பெத்லகேம் குறவஞ்சி அவற்றுள் புகழ்பெற்றது. ஞானப்பாட்டு ஆலயத்துக்குள் நிற்க, கீர்த்தனை தெருவுக்கு வந்தது. டிசம்பர் இரவுகளில் வீடு வீடாகச் செல்லும் பஜனைக் கூட்டத்துக்கு அது பொருந்தியது.

இந்த மரபின் கறையையும் மறைக்க முடியாது. பழைய ஆலயங்களில் சாதிவாரியாக இருக்கைகள் பிரிந்திருந்தன. 1833இல் ஆங்கிலிக்கன் பேராயர் தானியேல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என ஆணையிட்டபோது தஞ்சையிலும் சென்னையிலும் பெரும் எதிர்ப்பு எழுந்தது. 1840களில் தரங்கம்பாடிப் பணியை ஏற்ற லைப்சிக் மிஷன் இவ்விஷயத்தில் மென்மையாக நடந்துகொண்டதால், எதிர்த்தவர்களில் பலர் லுத்தரன் சபைக்கு வந்து சேர்ந்தனர். ஒரே பாத்திரத்தில் இராப்போஜனம் பெறுவதும், ஒரே பந்தியில் உண்பதும் போராடிப் பெற வேண்டியவையாக இருந்தன. அறுப்பின் பண்டிகை விருந்தை வெறும் சாப்பாடாக எண்ணிக் கடந்துவிட முடியாதது இதனால்தான்.

1820களில் கண்டியைச் சுற்றிய மலைகளில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கின. திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, சேலம், மதுரைப் பகுதிகளிலிருந்து கூலிகள் மன்னாரில் இறங்கி, காடு வழியாகத் தம்புள்ளை, மாத்தளை கடந்து நடந்தே வந்தனர். வழியில் கொள்ளைநோய்க்கும் பசிக்கும் இறந்தவர் மிகப் பலர். மாத்தளையைத் தாண்டியவர்கள் வத்தேகம, மடவளை, தெல்தெனிய என விரியும் தும்பறைப் பள்ளத்தாக்கின் தோட்டங்களுக்கும் அதற்கப்பாலும் பிரிந்தனர். அவர்கள் புறப்பட்ட மாவட்டங்களிற் பல லுத்தரன் சபைகள் வேரூன்றியிருந்த நிலம். ஆனால் மலையில் அவர்களைத் தேடிவந்தது ஆங்கிலிக்கன் சபை. 1854இல் கண்டியை மையமாகக் கொண்டு தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன், திருநெல்வேலியிலிருந்து உபதேசிமாரை வரவழைத்துத் தோட்டம் தோட்டமாக அனுப்பியது. மலையகத்தின் பழைய தமிழ்ச் சபைகள் பல இதன் வழி வந்தவை.

லுத்தரன் பணி இங்கு வேறொரு கிளையால் வந்தது. 1895இல் கிருஷ்ணகிரியில் தொடங்கி ஆம்பூர், நாகர்கோவில் என விரிந்த அமெரிக்க மிசூரி லுத்தரன் மிஷன் 1920களில் இலங்கைக்கு வந்து, தோட்டத் தமிழரிடையே வேலை செய்தது. நுவரெலியா அதன் இருப்பிடமாயிற்று. தரங்கம்பாடி வழிவந்த சபைகள் 1919 ஜனவரி 14ஆம் தேதி தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையாக ஒன்றிணைந்திருந்தன. அமைப்பால் இரண்டும் வேறாயினும் ஞானோபதேசமும் திருச்சபை ஆண்டும் பொதுவானவை.

கோப்பியின் இடத்தில் தேயிலை வந்துவிட்ட தோட்டத்தில் அந்தத் திருச்சபை ஆண்டு மறுபடி உருமாறியது. விடியலில் பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்பு, பிறகு மலை, மாலையில் கொழுந்து நிறுத்தல் என்ற ஒழுங்கில் சபைக்கு எஞ்சியது ஞாயிறும் இரவும்தான். ஆலயம் மைல் கணக்கில் தள்ளி இருக்கும். தொழிலாளர் வரிசை வீடான லயத்துக் காம்பிராவும் தோட்டப் பள்ளிக்கூடமும் வழிபாட்டு இடமாயின. தேயிலையில் கொழுந்து ஆண்டு முழுவதும் வரும். அறுவடை நாள் என்று ஒன்று இல்லை. பறிக்கும் கொழுந்து தோட்டத்துக்குரியது, தொழிலாளி படைக்கக்கூடியதும் அல்ல. அவருக்குச் சொந்தமென்று இருந்தது லயத்தோரத் துண்டு நிலம். பீடத்தின் முன் நெற்கதிரின் இடத்தில் கோவா, கரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு வந்தன. மலையகத்து அறுப்பின் பண்டிகையின் மதிப்பு இங்கேதான் இருக்கிறது: ஆண்டு முழுவதும் பிறருக்காக உழைத்தவர், தாமே நட்டு வளர்த்ததைத் தம் கையால் கொண்டுவந்து வைக்கிறார்.

அண்டை வீட்டார் பெரும்பாலும் இந்துக்கள், பலர் உறவினரும்கூட. மாசியில் காமன் கூத்துத் தப்பொலி லயங்களைச் சுற்றிவரும் நாட்களிலேயே லெந்து மாலை ஜெபங்களும் நடக்கும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஒரு பக்கத்திலிருந்தும், நத்தாருக்கு மறு பக்கத்திலிருந்தும் பலகாரத் தட்டுகள் போய்வரும். டிசம்பர்க் குளிரில் பெற்றோல்மக்ஸ் விளக்கோடு லயம் லயமாகப் போகும் பாட்டுக் கூட்டத்துக்குக் கதவு திறந்து தேத்தண்ணி கொடுப்பவர் எல்லாரும் கிறிஸ்தவராக இருக்க வேண்டியதில்லை.

சிறு சபைக்கு மிகப் பெரிய அடி அரசியலிலிருந்து வந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவதென்றும் முடிவாயிற்று; மீதி 1,50,000 பேரை இரு நாடுகளும் சமமாகப் பிரித்துக்கொள்ள 1974இல் இணங்கின. கடவுச்சீட்டு வந்த குடும்பங்கள் தலைமன்னார் ரயிலேறி, கப்பலில் இராமேஸ்வரம் சென்றன. இருபது முப்பது குடும்பம் கொண்ட ஒரு சபையில் ஐந்தாறு வீடு போனால் பாட்டு நடத்துபவரும், ஞாயிறு பள்ளி ஆசிரியரும், ஏலம் கூறுபவரும் அவர்களோடு போய்விடுவர். எண்ணிக்கையில் பெரிய சபைகள் இந்த இழப்பைத் தாங்கின. சிறியவை சில இடங்களில் அயல் சபையோடு சேர்ந்தே திருநாள் நடத்த வேண்டியதாயிற்று. போனவர்களில் பலர் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் குடியேறினர். 1977, 1981, 1983 கலவரங்கள் எஞ்சியவர்களையும் கலைத்தன. வடக்கே வன்னிக்கும், அக்கரைக்கும் இன்னொரு நடை நடந்தது.

தங்கியவர்களின் பிள்ளைகள் பெருமளவு தோட்ட வேலையை விட்டுக் கொழும்புக் கடைகளுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போயினர். அதனால் கூடுகையின் எடை மீண்டும் இடம் மாறியது. தஞ்சைச் சபைக்கு அறுவடை எப்படியோ, மலையகச் சபைக்கு விடுமுறை அப்படியாயிற்று. வெளியூரில் வேலை செய்பவர் வீடு திரும்பும் நத்தாரும் ஆண்டிறுதி இரவு ஆராதனையும்தான் பல சபைகளில் ஆலயம் நிரம்பும் நாட்கள். ஞானஸ்நானம், நிச்சயதார்த்தம், ஆலயத் திருத்த வேலைக்கான காணிக்கை எல்லாம் அந்த ஒரு வாரத்தை ஒட்டியே வைக்கப்படுகின்றன.