எண்ணிக்கை தப்பிய உளி

மரத்தில் பூ செதுக்கும் மெஷின் இப்போது வீட்டு மேஜை மேலேயே உட்கார்ந்துகொள்கிறது. கம்ப்யூட்டரில் படத்தைப் போட்டு, பலகையைப் பொருத்தி, பட்டனைத் தட்டினால் போதும். விர்ரென்று சுழலும் பிட் ஒன்று இதழ் இதழாகச் செதுக்க ஆரம்பிக்கும். இருபது நிமிஷம் எல்லாம் ஒழுங்காகத்தான் போகும். திடீரென்று 'கடகட'வென்று ஒரு சத்தம்! அதற்கப்புறம் விழுகிற இதழ்கள் எல்லாம் அரை அங்குலம் தள்ளியே விழும். வேறு சில மெஷின்கள் 'மோட்டார் எர்ரர்' என்று அறிவித்துவிட்டு, வேலைநிறுத்தம் செய்துவிடும்.

இரண்டில் எது நல்ல மெஷின்? தப்பாகவே செதுக்கிக்கொண்டு போவதா, முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றுவிடுவதா? இதற்குப் பதில் தெரிய, இருநூறு வருஷம் பின்னால் போகவேண்டும்.

நீராவி இன்ஜினால் புகழ்பெற்ற ஜேம்ஸ் வாட்டை எல்லோருக்கும் தெரியும். ஓய்வுபெற்ற பிறகு மனுஷர் என்ன செய்தார் தெரியுமா? பர்மிங்ஹாம் அருகே, தன் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து, சிலைகளைப் பிரதியெடுக்கும் மெஷின் செய்துகொண்டிருந்தார். ஒரு முனை அசல் சிலையைத் தடவிக்கொண்டே போகும். அது போகிற வழியெல்லாம், அதோடு இணைந்த சுழலும் முனை பக்கத்தில் இருக்கும் கல்லைக் குடையும். செய்த பிரதிகளை நண்பர்களுக்குப் பரிசளித்து, '83-வது வயதில் அடியெடுத்து வைக்கும் இளம் கலைஞனின் கைவேலை' என்று தன்னையே கேலி செய்துகொள்வாராம். 1819 ஆகஸ்டில் வாட் இறந்தார். அந்த அறை பல காலம் பூட்டியே கிடந்து, 1924-ல் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்கு இடம் மாறியது.

அதே 1819-ல் அமெரிக்காவில் தாமஸ் பிளான்சர்ட் என்பவர், துப்பாக்கியின் மரக் கட்டையைக் கடையும் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். இங்கும் அதே தந்திரம்தான். மாதிரிக் கட்டை மீது ஒரு சக்கரம் உருளும். அதன் மேடு பள்ளத்துக்கு ஏற்றபடி வெட்டும் சக்கரம் புது மரத்தைச் சீவும்.

இரண்டு மெஷின்களிலும் ஒரு சௌகரியம் இருந்தது. தடவுகிற முனையும் வெட்டுகிற முனையும் இரும்பால் பிணைக்கப்பட்டவை. ஒன்று சிக்கினால் மற்றதும் நிற்கும். 'நான் ஒரு இடத்தில், நீ ஒரு இடத்தில்' என்ற பிரச்னையே கிடையாது!

பிரச்னை ஆரம்பித்தது, மாதிரிச் சிலையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எண்களை வைத்தபோது.

1940-களில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டிராவர்ஸ் சிட்டி என்ற ஊரில், ஜான் பார்சன்ஸ் ஹெலிகாப்டர் இறக்கைகள் செய்துகொண்டிருந்தார். இறக்கையின் வளைவு அச்சுப் பிசகாமல் வரவேண்டும். பிசகினால் பறப்பவர் உயிர் போகும். அவரும் பிராங்க் ஸ்டூலன் என்ற இன்ஜினீயரும், துளையிட்ட அட்டைகளைப் படிக்கும் ஐ.பி.எம். மெஷினைக் கொண்டு வளைவைப் புள்ளி புள்ளியாகக் கணக்கிட்டார்கள். அப்புறம் ஒருவர் எண்களைப் படிக்க, இரண்டு பேர் ஆளுக்கொரு கைப்பிடியைச் சுற்றி, அந்தந்தப் புள்ளியில் உலோகத்தை வெட்டினார்கள்.

'கைப்பிடிகளை மோட்டாரே சுற்றினால் என்ன?' என்று பார்சன்ஸ் யோசித்தார். 1949-ல் விமானப்படை பணம் கொடுத்தது. ஆனால் நிஜத்தில் மோட்டார் அவ்வளவு விசுவாசமான வேலைக்காரன் இல்லை. 'பத்து அடி போ' என்றால், உலோகம் எதிர்க்கும்போது எட்டு அடியிலேயே தயங்கும். ஆகவே பார்சன்ஸ் எம்.ஐ.டி.யின் ஆய்வுக்கூடம் ஒன்றின் உதவியை நாடினார். உலகப் போரின்போது பீரங்கிகளைக் குறி பார்த்துத் திருப்பும் கருவிகளில் ஊறிய கூட்டம் அது. அவர்கள் கற்றிருந்த பாடம் ரொம்ப எளியது: கட்டளை மட்டும் போதாது. போய்ச் சேர்ந்தாயா என்று ஒவ்வொரு கணமும் திருப்பிக் கேட்கவேண்டும்!

1952-ல் அவர்கள் செய்துகாட்டிய மெஷினில் முந்நூறுக்குச் சற்றுக் குறைவான வால்வுகள் இருந்தன. கட்டளை ஒரு பக்கம் போகும், 'வந்துவிட்டேன்' என்ற தகவல் மறுபக்கம் வரும். இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் மோட்டார் திருத்தப்படும். இடையில் பார்சன்ஸ் ஓரங்கட்டப்பட்டது தனிச் சோகம். காப்புரிமை அவருக்கும் ஸ்டூலனுக்கும் 1958-ல்தான் கிடைத்தது. நாட்டின் தொழில்நுட்பப் பதக்கம் 1985-ல் வந்தது.

அதே காலத்தில் இன்னொரு வழியும் இருந்தது. கைதேர்ந்த தொழிலாளி ஒரு முறை வெட்டிக் காட்ட, அவர் கை அசைவுகளை நாடாவில் பதிவுசெய்து மெஷினைத் திரும்பச் செய்ய வைப்பது. அது எடுபடவில்லை. பட்டறையின் பிடி தொழிலாளியின் கையிலேயே இருந்துவிடும் என்று முதலாளிகள் விரும்பாததும் ஒரு காரணம் என்று 1984-ல் எழுதினார் சரித்திர ஆசிரியர் டேவிட் நோபிள். விமானங்களுக்கு வேண்டிய சிக்கலான வளைவுகளைக் கையால் வெட்டிக் காட்ட முடியாது என்பது எதிர்வாதம். எப்படியோ, எண்கள் ஜெயித்தன.

சரி, வீட்டு மெஷினுக்கு வருவோம். விலை குறையவேண்டுமே! அதனால் பல மெஷின்களில் 'ஸ்டெப்பர்' மோட்டாரைப் போட்டார்கள். வழக்கமாக ஒரு சுற்றுக்கு 200 படி. ஒரு மின்துடிப்புக்கு ஒரு படி நகரும். திருப்பிக் கேட்கும் ஏற்பாடே கிடையாது. கண்ணைக் கட்டிக்கொண்டு அடிகளை எண்ணி நடக்கிற ஆசாமி மாதிரி! நடுவில் யாராவது இடித்துத் தள்ளினாலும் எண்ணிக்கை மட்டும் தொடரும். 1940-களில் தீர்த்த அதே பிரச்னையை, காசு மிச்சம் பிடிக்க நாமே திரும்ப வரவழைத்துக்கொண்டோம்.

ஆகவே, மெஷின் தப்பு செய்தால் திருப்பிக் கேட்கும் வேலை உங்களுடையது. முதலில் பலகையை எடுத்துவிட்டு, அதே படத்தைக் காற்றில் செதுக்க விடுங்கள். சரியாகப் போனால் மோட்டார் நிரபராதி. மழுங்கிய பிட், அதிக ஆழம், அதிக வேகம், மரத்திலுள்ள கணு... இவற்றில் ஒன்றுதான் குற்றவாளி. எப்போதும் ஒரே இடத்தில் சிக்கினால், அந்த இடத்துத் தண்டவாளத்தில் மரத்தூள் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அரை மணி கழித்தே தகராறு என்றால், மோட்டாருக்கு மின்சாரம் தரும் டிரைவர் போர்டு சூடாகிறது. நகராமல் உறுமி நடுங்கினால், நாலு கம்பிகளில் ஒன்று விட்டுப்போயிருக்கலாம். மோட்டார் சுற்றியும் மேடை நகரவில்லையா? பல்சக்கரத்தின் குட்டி ஸ்க்ரூவை முடுக்குங்கள்.

இன்னும் சந்தேகமா? மின்சாரத்தை முழுக்க நிறுத்திவிட்டு, இரண்டு மோட்டார்களின் கேபிள்களைப் போர்டில் இடம் மாற்றுங்கள். தகராறு பழைய மோட்டாரோடேயே இருந்தால், கோளாறு மோட்டாரிலோ கேபிளிலோ. அடுத்த மோட்டாருக்குத் தாவினால் போர்டில். (கரண்ட் இருக்கும்போது கேபிளைப் பிடுங்கினால் போர்டு பொசுங்கிவிடும், ஜாக்கிரதை!)

'மோட்டார் எர்ரர்' என்று சொல்லிவிட்டு நிற்கிற மெஷினைத் திட்டாதீர்கள். அதன் மோட்டாரில் 'வந்து சேர்ந்தாயா?' என்று கேட்க ஓர் ஏற்பாடு இருக்கிறது. பதில் வராததால்தான் நிறுத்தியிருக்கிறது. பட்டறையில் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்த அந்தத் தொழிலாளியும், கை கனத்தால் அதைத்தானே செய்திருப்பார்?